நீலம் சஞ்சீவ ரெட்டி: தோற்ற பதவிக்குப் போட்டியின்றி வந்தவர்



கோடை வந்துவிட்டால் நம் வளாகத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பூண்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, கிருஷ்ணா தண்ணீர் வந்துவிட்டதா? லாரித் தண்ணீருக்கு எவ்வளவு செலவாகும் என்ற கணக்கே அதை வைத்துத்தான் போடப்படுகிறது. ஊத்துக்கோட்டை அருகே ஜீரோ பாயின்ட்டில் தமிழ்நாட்டுக்குள் நுழையும் அந்தத் தண்ணீர், ஆந்திராவில் ஸ்ரீசைலம் அணையிலிருந்து கிளம்பி, சோமசீலா, கண்டலேறு வழியாக நம்மிடம் வருகிறது. அந்த ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்துக்கு அரசு வைத்துள்ள பெயர் நீலம் சஞ்சீவ ரெட்டி சாகர். 1963-ல் நேரு அந்த அணைக்கு அடிக்கல் நாட்டியபோது ஆந்திரப் பிரதேசத்தின் முதலமைச்சராக இருந்தவர் சஞ்சீவ ரெட்டி.

குடியரசுத் தலைவர்கள் வரிசையைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நமக்கு அவர் ஆறாவது பெயர். அதற்கு மேல் அதிகம் தெரியாது. ஆனால் சுதந்திர இந்தியாவின் அரசியலில் அவர் அளவுக்கு மேலே ஏறி, கீழே விழுந்து, மறுபடி ஏறியவர்கள் மிகச் சிலரே. அவர் வாழ்க்கையின் முக்கியமான கட்டங்களில் நம் சென்னையும் அடிக்கடி வந்து போகிறது. அதனால் இந்தக் காலாண்டு இதழில் அவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

அடையாறு பள்ளி மாணவர்

சஞ்சீவ ரெட்டி 1913-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி அனந்தபூர் மாவட்டம் இல்லூரு கிராமத்தில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. வசதியான விவசாயக் குடும்பம். மழை குறைவான, வறண்ட ராயலசீமைப் பூமி. தண்ணீருக்காக ஏங்கும் அந்த மண்ணில் பிறந்தவர் பெயரை ஓர் அணை தாங்கி நிற்பது பொருத்தம்தான்.

பள்ளிப் படிப்புக்காக அவரைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அடையாறில் உள்ள தியாசபிகல் பள்ளியில் படித்தார். பிறகு அனந்தபூர் அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தார். 1931-ல் காந்தியின் இயக்கம் அழைத்தபோது படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தார். வயது 18.

1936-ல் ஆந்திர மாகாண காங்கிரஸ் கமிட்டியின் செயலாளரானார். பத்து ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1940 முதல் 1945 வரையான காலத்தின் பெரும்பகுதி சிறையில் கழிந்தது. 1942 ஆகஸ்டில் கைதானபோது அவரை அமராவதி சிறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவருடன் இருந்தவர்கள் யார் தெரியுமா? காமராஜர், சத்தியமூர்த்தி, டி. பிரகாசம், வி.வி. கிரி. இந்தப் பட்டியலில் கடைசிப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 27 ஆண்டுகள் கழித்து இந்தக் கதையில் அவர் திரும்ப வருவார்.

மைத்துனரிடம் தோல்வி

1946-ல் சென்னை சட்டமன்ற உறுப்பினரானார். அரசியல் நிர்ணய சபையிலும் இடம்பெற்றார். 1949-ல் குமாரசாமி ராஜா அமைச்சரவையில் மதுவிலக்கு, வீட்டுவசதி, வனம் ஆகிய துறைகளைப் பார்த்தார். அதாவது அவர் முதன்முதலில் அமைச்சராக உட்கார்ந்தது நம் கோட்டையில்தான். 1951-ல் அமைச்சர் பதவியை விட்டுவிட்டு, ஆந்திர காங்கிரஸ் தலைவர் தேர்தலில் என்.ஜி. ரங்காவை எதிர்த்து நின்று வென்றார். பதவியை விடக் கட்சி அமைப்பில்தான் பலம் இருக்கிறது என்று அந்த வயதிலேயே கணக்குப் போட்டவர் அவர்.

ஆனால் அடுத்து வந்த முதல் பொதுத்தேர்தலில் அனந்தபூரில் தோற்றுப்போனார். தோற்கடித்தவர் கம்யூனிஸ்ட் தலைவர் தரிமெல நாகி ரெட்டி. அவர் சஞ்சீவ ரெட்டியின் மனைவி நாகரத்னம்மாவின் உடன்பிறந்தவர், அதாவது சொந்த மைத்துனர். சிறையில் இருந்தபடியே போட்டியிட்டு வென்றார் அவர். அந்தக் குடும்பத்தின் அடுத்த விசேஷத்தில் இருவரும் எப்படிப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நாம்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

இந்தத் தோல்வியால் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1953-ல் ஆந்திரா தனி மாநிலமாகக் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு பிரிந்தபோது, பிரகாசம் அமைச்சரவையில் துணை முதலமைச்சரானார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தெலங்கானாவும் சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் உருவானது. அதன் முதல் முதலமைச்சர் சஞ்சீவ ரெட்டி. வயது 43.

நீதிமன்றத்தின் ஒரு வார்த்தைக்காக

1960-ல் முதலமைச்சர் பதவியை விட்டு அகில இந்திய காங்கிரஸ் தலைவரானார். பெங்களூரு, பாவ்நகர், பாட்னா என்று மூன்று மாநாடுகளுக்குத் தலைமை ஏற்றார். 1962-ல் மறுபடியும் ஆந்திர முதலமைச்சர்.

இரண்டாவது முறை பதவி இரண்டே ஆண்டுகளில் முடிந்தது. அதற்குக் காரணம் பஸ். கர்நூல் மாவட்டத்தில் சில தனியார் பஸ் வழித்தடங்களை அரசுடைமை ஆக்க அவருடைய அரசு முடிவெடுத்தது. அந்த பஸ் முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். முதலமைச்சரின் அரசியல் எதிரிகளுக்கு ஆதரவாக இருந்ததால்தான் தங்கள் வழித்தடங்கள் குறிவைக்கப்பட்டன என்பது அவர்கள் புகார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முதலமைச்சர் மீது நேரடியாகக் குற்றம் சொல்லியிருந்தும், அதை மறுத்து அவர் தன் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. மறுப்பு வராத குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்ற அளவில் தீர்ப்பு அமைந்தது.

1964-ல் அந்தத் தீர்ப்பு வந்ததும் அவர் முதலமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார். அவர் செய்தது சரியா தவறா என்பது வேறு விஷயம். நல்லெண்ணத்தில் எடுத்த முடிவா, பழிவாங்கலா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் நீதிமன்றம் குறைசொன்ன பிறகு நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று அவர் நினைத்தார். இன்றைய நிலவரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

பிறகு டெல்லி. சாஸ்திரி அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறை. இந்திரா காந்தி அமைச்சரவையில் போக்குவரத்து, விமானம், கப்பல், சுற்றுலா. காமராஜர், நிஜலிங்கப்பா, அதுல்யா கோஷ், எஸ்.கே. பாட்டீல் ஆகியோரோடு சேர்த்து சிண்டிகேட் என்று பத்திரிகைகள் அழைத்த மூத்த தலைவர்கள் குழுவில் அவரும் ஒருவர்.

கட்சி அட்டையைத் திருப்பிக் கொடுத்த சபாநாயகர்

1967 தேர்தலில் இந்துப்பூர் தொகுதியிலிருந்து மக்களவைக்கு வந்தார். மார்ச் 17-ஆம் தேதி சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிர்க்கட்சிகள் தனி வேட்பாளரை நிறுத்தியதால் ஓட்டெடுப்பு நடந்தே வந்தார்.

வந்ததும் அவர் செய்த முதல் காரியம் காங்கிரஸ் உறுப்பினர் பதவியிலிருந்து விலகியது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன்னை வளர்த்த கட்சி. தலைவராகவே இருந்த கட்சி. இருந்தாலும் சபையின் நடுவே உட்காருபவர் எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லை என்று காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். சட்டம் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

குடியரசுத் தலைவர் உரையாற்றிய அதே நாளிலேயே நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள அனுமதித்தார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நலனுக்கான நாடாளுமன்றக் குழு அவர் காலத்தில்தான் உருவானது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவரை நம்பினார்கள். அரசாங்கத்துக்கு அவர் சில நேரம் இடைஞ்சலாகத் தெரிந்தார். நடுவர் நியாயமாக இருக்கிறார் என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டியதில்லை.

1969: ஒரு தேர்தல், ஒரு கட்சி, இரண்டு துண்டு

1969 மே 3-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைத் தலைவர் வி.வி. கிரி தற்காலிகப் பொறுப்பேற்றார். அமராவதி சிறையில் ஒன்றாக இருந்த அதே கிரி.

ஜூலையில் பெங்களூரில் காங்கிரஸ் கூடியது. அடுத்த குடியரசுத் தலைவர் வேட்பாளராக சஞ்சீவ ரெட்டியை சிண்டிகேட் முன்வைத்தது. பிரதமர் இந்திரா காந்தி விரும்பியது ஜகஜீவன் ராமை. கட்சியின் நாடாளுமன்றக் குழுவில் பிரதமர் தோற்றார். ரெட்டி வேட்பாளரானார். இந்திராவே அவர் வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்தும் போட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு திருப்பம். ஜூலை 16-ல் மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித் துறை பறிக்கப்பட்டது. ஜூலை 19-ல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. அதே நாளில் ரெட்டி சபாநாயகர் பதவியை ராஜினாமா செய்தார். மறுநாள் கிரியும் பதவி விலகி, சுயேச்சையாகப் போட்டியில் குதித்தார். ஜனசங்கமும் சுதந்திராக் கட்சியும் முன்னாள் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக்கை நிறுத்தின. அவர்களுடைய இரண்டாவது விருப்ப ஓட்டை ரெட்டிக்குத் தரும்படி காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா பேசப்போக, அதையே இந்திரா தரப்பு காரணமாக எடுத்துக்கொண்டது. காங்கிரஸ் உறுப்பினர்கள் கட்சிக் கட்டளைப்படி அல்லாமல் மனச்சாட்சிப்படி ஓட்டுப் போடலாம் என்று பிரதமர் அறிவித்தார். தான் முன்மொழிந்த வேட்பாளருக்கு எதிராகவே.

எனக்கு அப்போது பத்து வயது. ஓட்டு எண்ணிக்கை நடந்த ஆகஸ்ட் 20-ஆம் தேதி அப்பா ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாக வானொலிப் பெட்டி முன் உட்கார்ந்துவிட்டார். அவர் காமராஜர் கட்சி. எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர் தி.மு.க. தமிழ்நாட்டில் ஆட்சியிலிருந்த தி.மு.க. கிரியை ஆதரித்தது. அதனால் மாடியில் ஒரு சத்தம், கீழே ஒரு மௌனம்.

அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போடுகிறார்கள். ஒவ்வொருவர் ஓட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு. வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிப்பார்கள். மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் பெற்றால் வெற்றி. யாருக்கும் பாதி கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருக்கு விழுந்த சீட்டுகளை அதில் குறித்துள்ள அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள்.

அந்தத் தேர்தலில் 15 பேர் களத்தில் இருந்தார்கள். வெற்றிக்குத் தேவை 4,18,169. முதல் விருப்ப ஓட்டில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. யாருக்கும் பாதி கிடைக்கவில்லை. அடுத்தடுத்த விருப்பங்களை எண்ண எண்ண ரெட்டியின் கணக்கு வேகமாக ஏறியது. மாற்றி எண்ணியதில் அவருக்குச் சேர்ந்தது 91,879. கிரிக்குச் சேர்ந்தது 18,562 மட்டுமே. ஆனால் அந்தக் கொஞ்சமே கிரிக்குப் போதுமானதாக இருந்தது. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650.

இரண்டாவது விருப்பத்தை எண்ணி முடிவு சொன்ன குடியரசுத் தலைவர் தேர்தல் அது ஒன்றுதான். நவம்பரில் இந்திரா காந்தியைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். காங்கிரஸ் இரண்டாக உடைந்தது.

சஞ்சீவ ரெட்டியின் நிலையை யோசித்துப் பாருங்கள். சபாநாயகர் பதவியும் போயிற்று. குடியரசுத் தலைவர் பதவியும் கிடைக்கவில்லை. சொந்தக் கட்சியின் ஓட்டாலேயே தோற்கடிக்கப்பட்டார். 1971 பொதுத்தேர்தலில் பழைய காங்கிரஸ் சார்பில் நின்று அதிலும் தோற்றார்.

இல்லூருக்குத் திரும்பினார்

அதன் பிறகு அவர் செய்தது எளிமையானது. சொந்த ஊருக்குப் போய் விவசாயம் பார்த்தார். முதலமைச்சராக, மத்திய அமைச்சராக, சபாநாயகராக இருந்தவர், வறண்ட அனந்தபூர் மண்ணில் தன் நிலத்தைக் கவனித்துக்கொண்டு இருந்தார்.

நம் சங்கத் தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. தோற்றவர்கள் அடுத்த பொதுக்குழுவுக்கு வருவதில்லை, சில பேர் பராமரிப்புக் கட்டணத்தையே நிறுத்தி வைக்கிறார்கள். நூறு வீட்டுக்கு நடக்கும் தேர்தலுக்கே இப்படி. இந்தியாவின் முதல் குடிமகன் பதவியை ஒரு மயிரிழையில் இழந்தவர் என்ன மனநிலையில் இருந்திருப்பார்? அவருக்கும் வருத்தம் இருந்திருக்கும், கோபமும் இருந்திருக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஊரைக் கலைக்கவில்லை.

1975 மே 1-ஆம் தேதி ஹைதராபாதில் ஜெயப்பிரகாஷ் நாராயணுடன் ஒரே மேடையில் தோன்றி மறுபடி பொதுவாழ்வுக்கு வந்தார். அடுத்த மாதமே நெருக்கடி நிலை வந்துவிட்டது.

1977 மார்ச் தேர்தலில் ஜனதா கட்சி சார்பில் நந்தியால் தொகுதியில் நின்றார். வட இந்தியா முழுவதும் ஜனதா அலை அடித்தது. தெற்கே நேர்மாறு. ஆந்திராவின் 42 தொகுதிகளில் 41-ஐ காங்கிரஸ் வென்றது. மீதி ஒன்று நந்தியால். அந்த மாநிலத்திலிருந்து போன ஒரே காங்கிரஸ் அல்லாத எம்.பி. சஞ்சீவ ரெட்டி.

மார்ச் 26-ல் அவரை மறுபடியும் சபாநாயகராக்கினார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் எழுந்துபோன அதே நாற்காலி.

போட்டியே இல்லாத தேர்தல்

அந்த ஆண்டு பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது காலமாகியிருந்தார். மறுபடியும் ஒரு தேர்தல். இங்கே இன்னொரு அடையாறு தொடர்பு உண்டு. பிரதமர் மொரார்ஜி தேசாய் முதலில் அந்தப் பதவிக்கு அணுகியது கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேலை. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திருவான்மியூரின் அமைதியை விட்டு ராஷ்டிரபதி பவனுக்குப் போக அவருக்கு விருப்பமில்லை போலும். கடைசியில் பதவி போனது அடையாறு பள்ளியில் படித்தவருக்கு.

சஞ்சீவ ரெட்டி ஜூலை 13-ல் சபாநாயகர் பதவியிலிருந்து விலகினார். குடியரசுத் தலைவர் பதவிக்காக அந்த நாற்காலியை அவர் விட்டது இது இரண்டாவது முறை. 37 பேர் மனுத் தாக்கல் செய்தார்கள். 1974-ல் வந்த சட்டத் திருத்தப்படி ஒவ்வொரு மனுவையும் பத்து வாக்காளர்கள் முன்மொழிந்து, பத்து பேர் வழிமொழிய வேண்டும். பரிசீலனையில் 36 மனுக்கள் தள்ளுபடி. மிஞ்சியது ஒன்று.

இந்த முறை ஆளும் ஜனதாவும் எதிர்க்கட்சி காங்கிரசும் சேர்ந்தே அவரை ஆதரித்தன. 1950-ல் அரசியல் நிர்ணய சபை ராஜேந்திர பிரசாத்தை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது உண்டு. ஆனால் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் ஓட்டளிக்கும் முறை வந்த பிறகு போட்டியின்றி வந்தவர் சஞ்சீவ ரெட்டி ஒருவர்தான். 1977 ஜூலை 25-ஆம் தேதி பதவியேற்றார்.

அடுத்த மாதம் சுதந்திர தினத்தை ஒட்டி, ஏழை நாட்டின் தலைவருக்கு இவ்வளவு பெரிய மாளிகையும் சம்பளமும் தேவையில்லை என்று சொல்லி, சம்பளத்தில் 70 சதவீதத்தை விட்டுக்கொடுப்பதாக அறிவித்தார்.

1979-ன் கடினமான ஆறு வாரங்கள்

அவர் எடுத்த முடிவுகளில் இன்றும் விவாதிக்கப்படுவது 1979-ல் நடந்தது. ஜனதா கட்சி உள்ளுக்குள் சண்டை போட்டு நொறுங்கியது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைச் சந்திக்க முடியாமல் மொரார்ஜி ஜூலை 15-ல் ராஜினாமா செய்தார்.

யாருக்கும் தெளிவான பெரும்பான்மை இல்லை. பின்பற்ற முன்னுதாரணமும் இல்லை. சுதந்திரம் வந்த பிறகு மத்தியில் ஓர் அரசு பாதியில் கவிழ்ந்தது அதுவே முதல் தடவை. ரெட்டி முதலில் எதிர்க்கட்சித் தலைவர் ஒய்.பி. சவானைக் கேட்டார். அவரால் முடியவில்லை. பிறகு மொரார்ஜி, சரண் சிங் இருவரிடமும் ஆதரவாளர் பட்டியல் கேட்டார். இரண்டு பட்டியலிலும் சில பெயர்கள் இடம்பெற்றிருந்தன என்பது அந்தக் காலத்தின் நிலைமை. முடிவில் சரண் சிங்கை அழைத்தார். ஜூலை 28-ல் அவர் பிரதமரானார். ஆகஸ்ட் மூன்றாவது வாரத்துக்குள் மக்களவையில் நம்பிக்கை ஓட்டுப் பெற வேண்டும் என்று கெடு வைத்தார் ரெட்டி.

இந்திரா காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொண்டது. சபை கூட வேண்டிய ஆகஸ்ட் 20-ஆம் தேதி சரண் சிங் சபைக்கே போகாமல் ராஜினாமா செய்தார். பிரதமராக ஒரு நாள்கூட மக்களவையைச் சந்திக்காதவர் என்ற பெயர் அவருக்கு நின்றுவிட்டது.

இப்போது முடிவு முழுக்க ஒரே மனிதர் கையில். ஜனதா கட்சியின் புதிய தலைவர் ஜகஜீவன் ராம் தனக்கு ஒரு வாய்ப்புக் கேட்டார். பத்து ஆண்டுகளுக்கு முன் ரெட்டிக்குப் போட்டியாக இந்திரா முன்வைத்த அதே ஜகஜீவன் ராம். ரெட்டி அவரை அழைக்கவில்லை. ஆகஸ்ட் 22-ல் மக்களவையைக் கலைத்தார். சரண் சிங்கைக் காபந்துப் பிரதமராகத் தொடரச் சொன்னார்.

ஜனதா தலைவர்கள் கொதித்தார்கள். நாட்டின் முதல் தலித் பிரதமர் வரவேண்டிய வாய்ப்பை ஒருவரின் பேனா தடுத்துவிட்டது என்ற ஆதங்கம் இன்றும் பலருக்கு உண்டு. சபையைச் சந்திக்காத ஒரு பிரதமரின் ஆலோசனையை ஏற்றுக் கலைக்கலாமா என்ற கேள்வியும் நியாயமானதே. மறுபக்கம், கட்சி மாறும் பேரம் டெல்லியில் வெளிப்படையாக நடந்துகொண்டிருந்தது. இன்னொரு நிலையற்ற அரசைவிட மக்களிடமே போவது மேல் என்பது ரெட்டி தரப்பு வாதம். என் கருத்தைக் கேட்டால், ஜகஜீவன் ராமுக்கு ஒரு நாள் சபையில் வாய்ப்புக் கொடுத்திருக்கலாம். தோற்றிருந்தால் சபையே தீர்ப்புச் சொல்லியிருக்கும். சபாநாயகராக இருந்தபோது சபையின் உரிமையை அவ்வளவு மதித்தவர், அன்று சபையிடம் கேட்காமல் முடிவெடுத்தது ஒரு குறைதான். அதேசமயம் பெரும்பான்மையைத் தேதி குறித்துச் சபையில் நிரூபிக்கச் சொல்லும் வழக்கத்துக்கு அவர் சரண் சிங்குக்கு வைத்த கெடுவும் ஒரு தொடக்கம்.

நம் மாநிலத்தைத் தொட்ட கையெழுத்து

1980 ஜனவரியில் இந்திரா காங்கிரஸ் 353 இடங்களில் வென்றது. ஜனவரி 14-ஆம் தேதி, நம் பொங்கல் நேரத்தில், இந்திரா காந்திக்குப் பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் சஞ்சீவ ரெட்டி. 1969-ல் யாரால் தோற்றாரோ அவருக்கு. அதன் பிறகு இரண்டரை ஆண்டுகள் இருவரும் அரசியல் சட்டம் சொன்ன வழியில் சேர்ந்தே வேலை செய்தார்கள்.

ஆனால் பிப்ரவரி 17-ஆம் தேதி ஒன்பது மாநில சட்டமன்றங்கள் கலைக்கப்பட்டபோது அதில் தமிழ்நாடும் ஒன்று. எம்.ஜி.ஆர். ஆட்சி கலைந்தது. உத்தரவில் இருந்தது ரெட்டியின் கையெழுத்து. அமைச்சரவையின் ஆலோசனையை ஒரு முறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று 44-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் குடியரசுத் தலைவருக்கு வழி கொடுத்திருந்தது. அவர் அந்த வழியைப் பயன்படுத்தவில்லை. 1977-ல் ஜனதா அரசும் இதே போல ஒன்பது காங்கிரஸ் மாநில அரசுகளைக் கலைத்திருந்தது என்பது அன்று சொல்லப்பட்ட சமாதானம். நம் மக்கள் நான்கு மாதத்துக்குள் எம்.ஜி.ஆரையே திரும்பக் கொண்டுவந்து தங்கள் பதிலைச் சொன்னார்கள்.

ஓய்வும் முடிவும்

1982 ஜூலையில் ஜெயில் சிங்கிடம் பொறுப்பை ஒப்படைத்தார். விடைபெறும் உரையில், அடுத்தடுத்து வந்த அரசுகள் ஏழைகளின் வாழ்க்கையை மாற்றத் தவறிவிட்டன என்று குறைசொன்னார். நல்லாட்சிக்குப் பலமான எதிர்க்கட்சி அவசியம் என்றும் சொன்னார். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவர் சொன்ன வார்த்தை அது. 1989-ல் தன் நினைவுகளை ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாக வெளியிட்டார்.

1996 ஜூன் 1-ஆம் தேதி பெங்களூரில் காலமானார். வயது 83. தற்செயலாக, அன்றுதான் டெல்லியில் தேவகவுடா பிரதமராகப் பதவியேற்றார். யாருக்கும் பெரும்பான்மை இல்லாத இன்னொரு மக்களவை, இன்னொரு குடியரசுத் தலைவருக்கு அதே தலைவலி.

அந்த ஆண்டுதான் கிருஷ்ணா தண்ணீர் முதன்முதலாகத் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டது. 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் செய்த ஒப்பந்தத்தின் பலன். ரெட்டி அதைப் பார்க்க இருக்கவில்லை.

சஞ்சீவ ரெட்டி குறையில்லாத தலைவர் அல்ல. ஆனால் அவரிடமிருந்து நம் போன்ற சிறிய சங்கங்கள்கூட எடுத்துக்கொள்ள இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. தலைமை நாற்காலியில் உட்கார்ந்தால் நம் கோஷ்டியை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். தோற்றுப்போனால் வீட்டுக்குப் போய் வேலையைப் பார்க்க வேண்டும், ஆனால் கூப்பிட்டால் திரும்பி வரத் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்த பொதுக்குழு கூட்டத்துக்கு எல்லோரும் வாருங்கள். போன தேர்தலில் ஜெயிக்காதவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறோம்.